இரண்டு பலகைகள்

ரொம்ப நாளா ஆளையே காணோமேன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. உடம்பு கொஞ்சம் படுத்திடுச்சு. அந்தக் கதையும் இந்தப் பதிவுல வருது. கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க (சர்க்கரை இல்லாம!).

எங்க வீட்ல ஒரு வருஷமா ஓடிக்கிட்டிருந்த சண்டை இதுதான். செஸ் ஆடறதுக்கு அதிகமா உடம்புல தெம்பு வேணுமா, சர்ஃபிங்குக்கா? செஸ் கட்சி நான். சர்ஃபிங் கட்சி என் பொண்ணு. தங்கமணி நடுநிலை. அதாவது, "ரெண்டு பேரும் முதல்ல தட்டை கழுவி வைங்க" கட்சி.

சிரிக்காதீங்க. எங்க ஊர்ல இது நியாயமான சண்டைதான். நான் பொறந்து வளர்ந்தது செங்கல்பட்டு. திருக்கழுக்குன்றம் வழியா வண்டிய விட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள மாமல்லபுரம் வந்துடும். 2022-ல 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது அந்த மாமல்லபுரத்துலதான், பூஞ்சேரியில. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்ததும் அதே மாமல்லபுரத்துலதான். ஒரே ஊர்ல ரெண்டு பலகை. ஒண்ணு மேல காய் நிக்குது, இன்னொண்ணு மேல ஆள் நிக்கறான்.

என்னைப் பத்தி கொஞ்சம். வயசு 47. பள்ளிக்கூட நாள்லேர்ந்து செஸ். பெரிய ஆட்டக்காரன்லாம் இல்ல. வருஷத்துக்கு ரெண்டு ரேட்டிங் டோர்னமெண்ட், நாலஞ்சு சின்னப் பசங்ககிட்ட தோல்வி, ரெண்டு மூணு பெருசுங்ககிட்ட வெற்றி. அவ்வளவுதான் நம்ம சாதனை. பொண்ணுக்கு ஆறு வயசுல காய் நகர்த்தக் கத்துக்கொடுத்தேன். நல்லாவே ஆடினா. 2022-ல அவளுக்கு பதினோரு வயசு. ஆகஸ்ட் 8-ஆம் தேதி, பத்தாவது சுற்று அன்னைக்கு ஆபீசுக்கு லீவ் போட்டு அவளை பூஞ்சேரிக்கு கூட்டிட்டுப் போனேன். கொஞ்ச நேரம் உள்ளே நின்னு பார்த்துட்டு, மிச்சத்தை வீட்டுக்கு வந்து நேரலையில பார்த்தோம்.

அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். இந்தியாவின் இரண்டாவது அணி, எதிர்ல உஸ்பெகிஸ்தான். முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்சுட்டு வந்திருந்த குகேஷ், எதிர்ல அப்துசத்தரோவ். குகேஷுக்கு பதினாறு வயசு. ஜெயிச்சுக்கிட்டு இருந்த ஆட்டம், மணிக்கணக்கா போய், கடைசில கை நழுவி தோத்துட்டார். அந்தப் பையன் முகத்தை கையில பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்ததை பார்க்க முடியல. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போச்சு, நம்ம ரெண்டாவது அணிக்கு வெண்கலம்.

பொண்ணு கேட்டா: "அப்பா, அந்த அண்ணா ஜெயிச்சுட்டுதானே இருந்தாரு? என்ன ஆச்சு?"

"அசந்துட்டாரும்மா"ன்னு சொன்னேன். சொன்னேனே தவிர, நான் சொன்ன அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்க மூணு வருஷம் ஆச்சு.

சரி, சண்டைக்கு வருவோம்.

என் மச்சான் மாமல்லபுரத்துல கல் சிற்பப் பட்டறை வச்சிருக்கார். 2024 கோடை லீவுக்கு மாமா வீட்டுக்குப் போன பொண்ணு, திரும்பி வரும்போது தோள் கருத்து, முழங்கால்ல சிராய்ப்போட வந்தா. என்னடான்னு பார்த்தா, கடற்கரையில சர்ஃபிங் கத்துக்கொடுக்கிற பசங்ககிட்ட தினமும் போயிருக்கா. இந்தக் கரையோரம் முழுக்க இப்ப அதுதான். பக்கத்துல கோவளத்துல மூர்த்தி மேகவன்னு ஒரு மீனவர் சர்ஃப் பள்ளி ஆரம்பிச்சு, குப்பத்துப் பசங்களையெல்லாம் பலகை மேல ஏத்திவிட்டார். 2013-லேர்ந்து அங்க சர்ஃபிங் திருவிழாவே நடத்த ஆரம்பிச்சாங்க. கட்டுமரத்துல துடுப்பு போட்டு வளர்ந்த ஊரு, அலை பார்க்கறதுக்கு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

அதுலேர்ந்து பொண்ணு செஸ் போர்டை தொடலை. ஞாயித்துக்கிழமையானா மாமா வீடு, கடல். எனக்கு வயித்தெரிச்சல். அதை வயித்தெரிச்சல்னு ஒத்துக்காம, "தண்ணியில விளையாடறது வேற, அஞ்சு மணி நேரம் மூளைய கசக்கறது வேற"ன்னு ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது விட்டேன். அவ விடுவாளா? "உட்கார்ந்த இடத்துலேர்ந்து எழுந்திருக்காம ஆடறதுக்குப் பேரு ஸ்போர்ட்டாப்பா?"ன்னா.

உடனே நான் எடுத்தேன் என் பிரம்மாஸ்திரத்தை. வாட்ஸப்புல வந்த செய்தி. "பெரிய செஸ் போட்டியில ஒரு கிராண்ட்மாஸ்டர் ஒரு நாளைக்கு 6000 கலோரி எரிக்கிறார்!" பார்த்தியா பார்த்தியான்னு குதிச்சேன்.

பொண்ணு நம்பல. "நீ ஞாயித்துக்கிழமை பூரா ஆடற. அப்புறம் ஏன் உன் தொப்பை அப்படியே இருக்கு?"

நியாயமான கேள்விதான்... அதனால அதைத் தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்லிடறேன், ஏன்னா உங்க வாட்ஸப்புக்கும் அது வந்திருக்கும்.

2018-ல ஐல் ஆஃப் மேன் போட்டியில ஆட்டக்காரங்களுக்கு இதயத்துடிப்பை அளக்கற கருவி மாட்டிவிட்டுப் பார்த்தாங்க. மிகயில் அந்திபோவ்ங்கிற ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் ரெண்டு மணி நேரத்துல 560 கலோரி எரிச்சார்னு கணக்கு வந்துச்சு. இந்த மாதிரி தகவலோட 6000-மும் சேர்ந்து ஊர் சுத்துது. சிக்கல் எங்கன்னா, அந்தக் கருவி கலோரிய நேரடியா அளக்கறதில்ல. இதயம் எவ்வளவு வேகமா துடிக்குதுங்கறதை வச்சு ஊகிக்குது. ஓடறவனுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. கால், தொடையெல்லாம் வேலை செய்யறதாலதான் அவனுக்கு துடிப்பு ஏறுது. செஸ் ஆடறவனுக்கு பயத்துல, பதட்டத்துல ஏறுது. தசை எதுவும் வேலை செய்யல. பேய்ப் படம் பார்த்தாலும்தான் இதயம் அடிச்சுக்குது, அதுக்காக இளைச்சா போறோம்?

மூளையும் அப்படித்தான். உடம்பு எடையில சுமார் 2 சதவீதம்தான் இருந்தாலும், சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில சுமார் 20 சதவீதத்தை அது சாப்பிடுது. ஆனா எப்பவுமே அவ்வளவு சாப்பிடுது. கஷ்டமா யோசிச்சா கொஞ்சூண்டு கூடுது, அவ்வளவுதான்.

உடற்பயிற்சி ஆராய்ச்சிக்காரங்க ஒரு பட்டியல் வச்சிருக்காங்க. சும்மா உட்கார்ந்திருக்கறதை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மடங்கு சக்தி செலவாகுதுன்னு. அதுல போர்டு கேம் ஆடறது ஒன்றரை மடங்கு. ஆஹா, சர்ஃபிங் பத்து மடங்கு இருக்கும்னு பயந்துக்கிட்டே பார்த்தேன். பொழுதுபோக்கா பண்ற சர்ஃபிங் வெறும் மூணு மடங்கு! போட்டின்னா அஞ்சு. என் எடை 78 கிலோ. செஸ்ஸுக்கு மணிக்கு 115 கலோரி சொச்சம், சர்ஃபிங்குக்கு மணிக்கு 235 சொச்சம். அதாவது அஞ்சு மணி நேர செஸ்ஸும் ரெண்டரை மணி நேர சர்ஃபிங்கும் கலோரி கணக்குல ஒண்ணு. ஆட்டம் டிரா!

பொண்ணுகிட்ட காட்டினேன். "அப்பா, நீ ஒரு தடவ கடல்ல வந்து இருந்து பாரு. அப்புறம் இந்த பேப்பரைக் காட்டு"ன்னா. பதிலுக்கு நான், "நீ என்கூட முழு நேர ஆட்டம் ஒண்ணு ஆடு"ன்னேன். டீல்.

2025 மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணி. மாமல்லபுரம் கடற்கரை. கத்துக்கொடுக்கற பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். குப்பத்துப் பையன். "நீச்சல் தெரியுமா சார்?" "கிணத்து நீச்சல் தெரியும்." மெதுவா சிரிச்சான். மேல மெத்துனு இருக்கற ஒன்பதடி பலகையைக் கொடுத்து, கணுக்கால்ல கயிறு கட்டிவிட்டான். மணல்லயே பலகையை வச்சு, குப்புறப் படுத்து, கையை ஊணி, ஒரே மூச்சுல எழுந்து நிக்கற பயிற்சி இருபது தடவை. பத்தாவதுலயே எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. தண்ணியிலேயே இன்னும் இறங்கல!

நான் நினைச்சுக்கிட்டிருந்தது: சர்ஃபிங்னா அலை மேல நிக்கறது, பேலன்ஸ், காலு. உண்மை: சர்ஃபிங்னா குப்புறப் படுத்துக்கிட்டு கையால துழாவறது. ஆராய்ச்சிக்காரங்க போட்டியாளர்களை படம் எடுத்து நேரம் கணக்கு பார்த்திருக்காங்க. தண்ணியில இருக்கற நேரத்துல ஏறக்குறைய பாதி துழாவறதுலயே போயிடுது. பெரும் பகுதி மிச்சம், அலைக்காகக் காத்திருக்கறது. அலை மேல நிக்கறது பத்துல ஒரு பங்குகூட இல்ல. நாம படத்துல பார்க்கறது அந்த ஒரு பங்கைத்தான்.

துழாவும்போது நெஞ்சு பலகையில, கழுத்து மேல. "தண்ணிய பாக்காதீங்க சார், தூரத்துல பாருங்க"ன்னு பையன் கத்திக்கிட்டே இருந்தான். உடைஞ்சு வர்ற அலை ஒவ்வொண்ணும், நான் பத்து தள்ளு தள்ளி முன்னேறினதை ஒரே அறையில பின்னாடி தள்ளிடும். திரும்ப பத்து தள்ளு. தோள்பட்டை பின்பக்கம், எனக்கு தசைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத இடத்துலல்லாம் எரியுது. என் பொண்ணு பக்கத்துல மீன் மாதிரி போய்க்கிட்டிருக்கா. ஒரு நல்ல அலை வந்துச்சு, நான் அவசரமா திரும்பினேன். அவ திரும்பவே இல்ல. "ஏன் விட்ட?"ன்னு கேட்டேன். "அது சீக்கிரம் மூடிக்கும்பா. அதுக்குப் போனா திரும்ப இவ்வளவு தூரம் துழாவணும். பின்னாடி வருது பாரு."

பின்னாடி வந்துச்சு. போனா. நின்னா. கரை வரைக்கும் போனா.

நான்? ஒரு மணி நேரத்துக்குப் பேசினது, நாற்பதாவது நிமிஷத்துல கை நின்னுடுச்சு. வலி இல்ல, கை வரலை. மூளை துழாவுன்னு சொல்லுது, கை நான் மாட்டேங்குது. பையன் என் பலகையைப் பிடிச்சு தள்ளி கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மொத்தத்துல நான் பலகை மேல நின்னது ரெண்டு தடவை, ரெண்டு ரெண்டு செகண்டு. மறுநாள் தலை சீவ கையைத் தூக்க முடியல. தங்கமணி சீவிவிட்டா. (கல்யாணமான புதுசுல கூட இது நடந்ததில்ல :-) )

அடுத்தது அவ முறை. அடுத்த ஞாயிறு, வீட்டு ஹால்ல, ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், நகர்த்தலுக்கு முப்பது செகண்டு கூடுதல். மூணேகால் மணி நேரம் நகராம உட்கார்ந்தா. ஜெயிச்சது நான்தான், ஆனா ரொம்ப சுலபமா இல்ல. முடிஞ்சதும் சொன்னா: "தலை வலிக்குதுப்பா. கடல்ல ரெண்டு மணி நேரம் இருந்தாக்கூட இப்படி இல்ல." நான் சந்தோஷமா காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன். அவ தொடர்ந்து சொன்னதைத்தான் சரியா காதுல வாங்கல. "நீ நாலு டீ குடிச்சப்பா. ஒரு தடவகூட எழுந்திருக்கல. தண்ணி குடிக்கல. நாலு தடவ பாத்ரூம் மட்டும் போன."

ஜூன்ல ஒரு ரேட்டிங் டோர்னமெண்ட். கல்யாண மண்டபத்துல, ஃபேன் காத்துல, ஒரு நாளைக்கு ரெண்டு ஆட்டம். மூணாவது நாள் காலை ஆட்டம் இழுத்துக்கிட்டே போய் டிரா ஆச்சு. மதிய சாப்பாட்டுக்கு நேரமில்ல. மூணு வடை, டீ, உட்கார்ந்துட்டேன். எதிர்ல ஒரு பொடியன், பதினோரு வயசு, காலு தரையில எட்டல. ஆட்டம் நாலாவது மணி நேரத்துக்குப் போச்சு. ஆளுக்கு ஒரு யானை, எனக்கு ரெண்டு சிப்பாய் அதிகம். இதை தூக்கத்துலகூட ஜெயிப்பேன். மனசுக்குள்ள வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்லணும்னு வசனம்கூட தயார்.

யானையை எடுத்து வச்சேன். அவன் ராஜாவுக்குப் பக்கத்துல, எந்தக் காவலும் இல்லாத கட்டத்துல.

பொடியன் யானையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஏதோ சூழ்ச்சின்னு நினைச்சு ஒரு நிமிஷம் யோசிச்சான். அப்புறம் ராஜாவால எடுத்துட்டான். கை குலுக்கும்போது "தேங்க்யூ அங்கிள்"னு வேற.

தோத்தது புதுசில்ல. ஆனா ஒரு விஷயம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் பயமா இருக்கு. யானையை அங்க வைக்கும்போது எனக்கு அசதியே இல்ல. தெளிவா, தெம்பா, ரொம்ப நல்லா யோசிக்கறதாத்தான் தோணுச்சு. கடல்ல கை நின்னுச்சே, அந்த மாதிரி எதுவும் நிக்கல.

மாடிப்படி இறங்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. உட்கார்ந்துட்டேன். மண்டபத்துல இருந்தவங்க பிடிச்சு உட்காரவச்சு வீட்டுக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. டாக்டர்கிட்ட போனா சர்க்கரை 340.

இங்க ஒரு உண்மைய சொல்லணும். அது எனக்கு புதுச் செய்தி இல்ல. 2022 நவம்பர்லயே ஆபீஸ் மெடிக்கல் செக்கப்ல சர்க்கரை இருக்குன்னு வந்துச்சு. மூணு மாச சராசரி 7.9. மாத்திரை, நடை, சாப்பாடுன்னு எழுதிக்கொடுத்தாங்க. நான் ரிப்போர்ட்டை நாலா மடிச்சு ஒரு செஸ் புஸ்தகத்துக்குள்ள வச்சேன். வீட்ல யாருக்கும் சொல்லல. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, நல்லாத்தானே இருக்கோம்னு விட்டுட்டேன்.

அந்த வாரம் நான் படுத்திருந்தப்ப, பொண்ணு என்னோட ஆடலாம்னு புஸ்தகத்தை எடுத்திருக்கா. ஒரு வருஷம் கழிச்சு, அவளா. காகிதம் கீழ விழுந்திருக்கு. அதைக் கையில வச்சுக்கிட்டு கட்டில் ஓரமா வந்து நின்னா. கத்துவான்னு நினைச்சேன். கத்தல. "மூணு வருஷமாப்பா?"ன்னு மட்டும் கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. அவ அம்மாகிட்ட அவளே போய்க் கொடுத்தா. அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்கூடப் பேசல.

டாக்டர்கிட்ட நான் கேட்டேன், யானையை விட்டது சர்க்கரையாலயான்னு. "சர்க்கரை ஏறினா சோர்வு வரும், கவனம் மந்தமாகும். ஆனா உங்க யானைக்கு நான் பொறுப்பில்லை"ன்னார். நல்ல மனுஷர்.

படுத்திருந்த நேரத்துல பழைய ஆட்டங்களையெல்லாம் புரட்டிக்கிட்டிருந்தேன். இந்தத் தடவை பார்த்தது ஆட்டத்தை இல்ல, ஆட்டம் எந்த நேரத்துல கெட்டுச்சுங்கறதை. 1984 செப்டம்பர்ல ஆரம்பிச்ச கார்போவ் - காஸ்பரோவ் மேட்ச் 48 ஆட்டம் ஆகியும் முடியாம, 1985 பிப்ரவரில பாதியில நிறுத்தினாங்க. கார்போவ் பத்து கிலோ வரைக்கும் இளைச்சுட்டார்னு சொல்வாங்க. 2021 டிசம்பர்ல துபாய்ல கார்ல்சன் - நெப்போம்னியாச்சி ஆறாவது ஆட்டம், 136 நகர்த்தல், ஏழே முக்கால் மணி நேரம். உலக சாம்பியன்ஷிப் வரலாத்துலயே நீளமான ஆட்டம். அதுவரைக்கும் சரிசமமா இருந்தவர் நெப்போம்னியாச்சி. அதுக்கப்புறம் எட்டு, ஒன்பது, பதினொண்ணுன்னு மூணு ஆட்டத்துல, அவர் தரத்துக்கு நம்பவே முடியாத தப்பு. ஃபுட்பால், ஜிம்னு உடம்பை வச்சிருக்கற கார்ல்சன் அப்படியே நின்னார். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல குகேஷ் - டிங் லிரன் பதினாலாவது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கிட்டிருந்ததுல, 55-வது நகர்த்தல்ல டிங் யானையை தப்பான கட்டத்துல வச்சார். பதினெட்டு வயசுல குகேஷ் உலக சாம்பியன்.

யானை! நம்ம யானைக்கு துணைக்கு ஒரு உலக சாம்பியனோட யானை கிடைச்சதுல ஒரு அல்ப சந்தோஷம்.

எட்டு மாசத்துக்கு மேல கர்ப்பமா இருந்துக்கிட்டு பூஞ்சேரியில மணிக்கணக்கா உட்கார்ந்து ஆடி, வெண்கலம் வாங்கின அணியில இருந்த ஹரிகாவையும் நினைச்சுக்கிட்டேன். "உட்கார்ந்த இடத்துலேர்ந்து எழுந்திருக்காம ஆடறது"ன்னு யாராவது கேலி பண்ணினா அவங்க பேரைச் சொல்லலாம்.

அப்பதான் எனக்கு ரெண்டு விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் புரிஞ்சுது. கலோரியில இல்ல அது. கணக்கு எழுதற முறையில இருக்கு.

சர்ஃபிங் போட்டியில ஒரு சுற்று இருபது, முப்பது நிமிஷம். அதுக்குள்ள நிறைய அலை எடுக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க். கடைசில சிறந்த ரெண்டு அலை மட்டும்தான் கணக்கு. எட்டு தடவை விழுந்தாலும் பரவாயில்ல, விழுந்துட்டு திரும்பத் துழாவி உள்ளே போக தெம்பு இருக்கணும். அதனால அங்க உடம்புகிட்ட கேக்கறது, திரும்பத் திரும்ப எழுந்து வர்ற சக்தி.

செஸ்ல நேர்மாறு. அறுபது நகர்த்தல்ல ஐம்பத்தொன்பது அருமையா இருந்தாலும் அறுபதாவது ஒண்ணுதான் கணக்கு. சிறந்தது இல்ல, மோசமானதுதான் முடிவு பண்ணுது. அதனால இங்க உடம்புகிட்ட கேக்கறது, அஞ்சு மணி நேரம் எங்கயும் ஓட்டை விழாம இருக்கறது. ரத்தத்துல சர்க்கரை ஏறி இறங்காம, முதுகு வலிக்காம, தாகம் எடுக்காம, உடம்பு இருக்கறதே மனசுக்குத் தெரியாம இருக்கணும். கிராண்ட்மாஸ்டருங்க ஓடறதும் நீந்தறதும் கலோரிக்காக இல்ல, இதுக்காகத்தான்.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். அசந்துட்டேன்னா கடல் உடனே சொல்லிடும். கை நிக்கும், அலை அறையும், உப்புத்தண்ணி மூக்குல ஏறும். செஸ்ல யாரும் சொல்ல மாட்டாங்க. அசந்துட்டதைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் அசந்திருக்கு. யானை போனப்புறம்தான் சேதி வரும். சர்க்கரையும் அப்படித்தான்... மூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல.

2022-ல பொண்ணுகிட்ட "அசந்துட்டாரும்மா"ன்னு ஈஸியா சொன்னேனே, அதோட அர்த்தம் இதுதான் போல.

இப்ப என்ன நிலைமை? காலையில அஞ்சரைக்கு கொளவாய் ஏரிப் பக்கம் நடை, நாற்பது நிமிஷம். மாத்திரை ஒழுங்கா. டீ ரெண்டு, சர்க்கரை இல்லாம. டோர்னமெண்ட்ல என் நகர்த்தல் முடிஞ்சதும் எழுந்து நடக்கறேன், பையில சுண்டலும் தண்ணியும். மூணு மாச சராசரி 9.4-லேர்ந்து 7.1-க்கு வந்திருக்கு. ரிப்போர்ட் ஃபிரிட்ஜ் கதவுல, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டியிருக்கு. ஒட்டினது யாருன்னு சொல்லத் தேவையில்ல.

ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப் பார்க்க ரெண்டு பேரும் மாமல்லபுரம் போனோம். ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். தனிநபர் பிரிவுல இந்தியாவுக்கு அந்தப் போட்டியில கிடைச்ச முதல் பதக்கம். கரையில மணல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தோம். ஒரு ஆட்டக்காரர் நல்லா உருண்டு வந்த அலையை எடுக்காம விட்டார். "அது சீக்கிரம் மூடிக்கும்"னு நான் சொன்னேன், பெரிய இவனாட்டம். அது மூடிக்கல. நல்லா கரை வரைக்கும் போச்சு.

பொண்ணு சிரிச்சுட்டு, "அவரு அசந்துட்டாருப்பா"ன்னா.

அப்புறம் பையைத் திறந்து தண்ணி பாட்டிலை எடுத்து என்கிட்ட நீட்டினா. "நீ குடிச்சு ஒரு மணி நேரமாச்சு."

குடிச்சேன்.

சண்டை இன்னும் முடியல. செஸ்ஸா சர்ஃபிங்கான்னு உங்க கட்சி எதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தங்கமணி கட்சியில சேரறவங்க முதல்ல தட்டைக் கழுவிட்டு வாங்க.

டிஸ்கி 1: மாமல்லபுரம் கடல் பார்க்க அமைதியா இருக்கும், உள்ள இழுப்பு ஜாஸ்தி. கத்துக்கொடுக்கறவங்க கூட இல்லாம, காலுக்குக் கயிறு இல்லாம யாரும் என் பேச்சைக் கேட்டு இறங்கிடாதீங்க.

டிஸ்கி 2: நாற்பது தாண்டின நண்பர்களே, உங்க ரிப்போர்ட் எந்தப் புஸ்தகத்துக்குள்ள இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.